பன்னிரண்டால் பெருக்கினால் போதும்

அறுபது ஊற்றினால் ஐந்து. நாற்பத்தெட்டுக்கு நான்கு. எண்பத்துநான்குக்கு ஏழு. நூற்றியிருபதுக்குப் பத்து.

பவுசர் வண்டி வந்து லோஞ்ச் படகுக்கு டீசல் ஊற்றிவிட்டுப் போன ஒரு காலையில், இறங்குதுறையில் கதிரை போட்டு இருந்து எரிபொருள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு வரிகளும் ஒரே பக்கத்தில் கண்ணில் பட்டன. இடப்பக்கம் தாங்கிக்குள் ஊற்றிய லீற்றர். வலப்பக்கம் அளவுகோலில் ஏறிய சென்ரிமீற்றர். ஏறியதைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஊற்றியது வருகிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் பன்னிரண்டு. அதற்கு முந்திய பக்கம், அதற்கும் முந்தியது, எங்கேயும் பன்னிரண்டு. கதிரையை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். அந்தப் புத்தகத்தை எனக்கு முன் எத்தனையோ பேர் நிரப்பியிருந்தார்கள். ஒருவரும் குறுக்கே பார்க்கவில்லை.

அடுத்த கிழமை முதல் இந்த மேசையில் இருக்கப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். மூன்றரை வருடம் இங்கே இருந்துவிட்டுப் போகிறேன். எந்தப் படிவத்தை எங்கே அனுப்புவது, எந்தக் கப்பல் முகவருக்கு எப்போது அழைப்பு எடுப்பது என்பதெல்லாம் நீலக் கோப்பில் இருக்கிறது. கோப்பில் இல்லாதது ஒன்றுதான். அந்தப் பன்னிரண்டு ஒரு மனிதரைக் கள்ளனாக்கப் பார்த்த கதை. அதை நான் சொல்லாமல் போனால் வேறு யாராவது பாதியாகச் சொல்லுவார்கள்.

நம்மிடம் மூன்று லோஞ்சுகள். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோய் வருவது வேலை. பெரிய லோஞ்சின் தண்டையல் மன்சூர் நானா. கிண்ணியாக்காரர், அங்கே அண்ணனை நானா என்பார்கள். லோஞ்சை ஓட்டுகிறவரைத்தான் இங்கே தண்டையல் என்போம். எஞ்சினைப் பார்ப்பவர் ரவி அண்ணன். நான் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன் நானா ஒரு கப்பலின் ஏணியில் லோஞ்சை உரசிவிட்டார். இன்னும் ஒரு பிழை நடந்தால் சுக்கானைத் தர மாட்டேன், இறங்குதுறையில் காவல் நிற்க வேண்டியதுதான் என்று முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார். இருபது வருடத்துக்கு மேல் சுக்கான் பிடித்த மனிதர். அந்தச் சொல் அவர் தலைக்கு மேல் தொங்குவது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனையும் செய்தேன்.

சூத்திரம் கிடைத்த கையோடு அவரிடம் ஓடினேன்.

"நானா, உங்கட தாங்கிக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடிச்சிட்டன்."

கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஏன் மிஸ், தாங்கிக்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் ஒண்டுமில்ல. கோலில எத்தினை சென்ரிமீற்றர் நிக்குதெண்டு பார்த்துப் பன்னிரண்டால பெருக்கினாக் காணும். உள்ளுக்க எத்தினை லீற்றர் இருக்கெண்டு வந்திடும்."

"நான் கோலில சாண் போட்டுப் பார்ப்பன். வந்த பிறகும் சாணுக்கு மேல நிக்குமெண்டாப் போவன், இல்லாட்டிப் போகமாட்டன். இதில பெருக்க என்ன கிடக்கு?"

அதுதான் அந்த லோஞ்சின் வழக்கம். தாங்கி தளப்பலகைக்குக் கீழே, நாலு பக்கமும் பலகை அடித்து மூடிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிவது கோப்பைத் தட்டு அளவு வாய் ஒன்றுதான். அதற்குள் மரக்கோலை விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் நானா கையை விரித்து வைப்பார். போய்வந்தால் ஒரு சாணுக்குக் குறையும் என்றாலே பவுசர் வரும்வரை லோஞ்ச் அசையாது. அவருடைய சாணை நான் நாடாவால் அளந்து பார்த்தேன். இருபத்திரண்டு சென்ரிமீற்றர். பன்னிரண்டால் பெருக்கினேன். இருநூற்று அறுபத்துநாலு லீற்றர்! அவ்வளவு டீசலைச் சும்மா வைத்துக்கொண்டு, பவுசருக்காகக் காத்துக் காத்துக் கப்பல்காரர்களின் ஏச்சை நான் போனில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"சாணுக்குக் கீழ இருக்கிறதை ஏன் நானா விடுறீங்கள்?"

"அது டீசலில்ல மிஸ், சேறு. இரும்புக் கறலும் தண்ணியும் ஊறிக் கிடக்கும். எஞ்சினுக்க போனா அவ்வளவுதான்."

"பார்த்தனீங்களா?"

"எனக்கு முந்தி இருந்த தண்டையல் சொன்னவர்."

எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த முறை எஞ்சினைப் பழுதுபார்க்க நிறுத்தியபோது ரவி அண்ணனைக் கொண்டு தாங்கியின் அடியிலிருந்து எஞ்சின் அறைக்கு வரும் வடிகுழாயைத் திறப்பித்து, ஒரு சோடாப் போத்தலில் பிடித்தேன். வந்தது தெளிந்த டீசல். போத்தலை வெயிலில் தூக்கி நானாவுக்குக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, கவிழ்த்து நிமிர்த்தி, நெடுநேரம் பார்த்தார்.

"சேறில்லத்தான்" என்றார்.

"அப்ப?"

"அப்ப சரி. மிஸ் சொல்லுற மாதிரிப் போவம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் பொய்யாக்கியது அவர் சொன்ன காரணத்தை. அவர் கைக்கொண்ட வழக்கத்தையே பொய்யாக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் இடையே ஒரு ஆள் நுழைந்து போகுமளவு இடைவெளி இருக்கிறது. அன்று எனக்கு அது தெரியவில்லை, நானாவுக்கும் தெரியவில்லை. அவர் நேர்மையான மனிதர், காரணம் விழுந்ததும் வழக்கத்தையும் விட்டுக்கொடுத்தார். பிடிவாதக்காரராக இருந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்போம்.

அதன்பிறகு ஏழெட்டுக் கிழமைகள் நன்றாகத்தான் போயின. கோல் பதினெட்டில் நிற்கும், போவார்கள். பதினாறில் நிற்கும், போவார்கள். எல்லாம் குடாவுக்குள்ளேயே கிட்டடி ஓட்டங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும், திரும்பி வந்த பின் கோல் எங்கே நிற்க வேண்டும் என்று நான் கணித்து எழுதுவேன். வந்ததும் பார்த்தால் கால் சென்ரிமீற்றர், சிலவேளை அரைச் சென்ரிமீற்றர் குறைவாக நிற்கும். லோஞ்ச் ஆடுகிறது, டீசல் தளும்புகிறது, அவ்வளவு பிழை வரும்தான் என்று ஓரத்தில் "அலை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். முதலாளி ஒருநாள் என் மேசைக்கு வந்து, சூத்திரத்தைக் கடுதாசியில் எழுதித் தரச் சொல்லி வாங்கிப்போய்த் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். எனக்கு அன்று கால் நிலத்தில் இல்லை.

பிறகு அந்த நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு முகவரிடமிருந்து அழைப்பு வந்தது. துறைமுக வாயிலுக்கு வெளியே, தூரத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலில் மாலுமி ஒருவரின் கை கம்பிவடத்துக்குள் அகப்பட்டுவிட்டது. உடனே கரைக்குக் கொண்டுவர வேண்டும். நம்முடைய ஒரு லோஞ்ச் கரையேற்றிப் பழுதுபார்ப்பில் கிடந்தது. மற்றது மூதூர்ப் பக்கம் சாமானோடு போயிருந்தது. பெரிய லோஞ்ச் மட்டும் கட்டி நின்றது. பவுசர் சாரதிக்கு எடுத்தேன். ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்றார்.

மரக்கோல் பன்னிரண்டில் நின்றது.

"நானா, பன்னிரண்டு நிக்குது. நூற்றி நாற்பத்துநாலு லீற்றர். போய் அங்க நிண்டு வரவும் நூற்றிப்பத்துக்கு மேல வராது."

நானா கோலில் கையை விரித்துப் பார்த்தார். "பாதிச் சாண்தான் மிஸ் கிடக்கு. பவுசர் வரட்டும்."

"அங்க ஒருத்தர் கை நசிஞ்சு இருக்கிறார் நானா."

"அதுக்குத்தான் சொல்லுறன். போனாத் திரும்பி வரோணும்."

"முப்பத்துநாலு லீற்றர் மிச்சம் வருகுது. இந்தக் கணக்கு எப்பவாவது பிழைச்சிருக்கா?"

நானா ரவி அண்ணனைப் பார்த்தார். ரவி அண்ணன் கடலைப் பார்த்தார். வடகீழ்க் காற்று, அலை கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

"பிழைச்சதில்ல" என்றார் நானா. புத்தகத்தில் கையொப்பம் வைத்துவிட்டு ஏறினார்.

அவர் கையொப்பம் வைத்தார் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டது நான். அந்த வரியில் என் பெயருக்கு இடமில்லை.

போய்ச் சேர்ந்து மாலுமியை ஏற்றிவிட்டதாக அழைப்பு வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அரை மணித்தியாலம் இருக்கும், மறுபடி நானாவின் எண்.

"மிஸ், எஞ்சின் நிண்டுட்டு."

"பில்டர் அடைச்சிட்டா நானா?"

"டீசல் முடிஞ்சுது."

"முடியாது நானா. இன்னும் எழுபது லீற்றர் இருக்கோணும். ரவி அண்ணையை பில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்."

"ரவி பார்த்திட்டார். குழாயில காத்துத்தான் வருகுது."

"இல்ல நானா, நூற்றி நாற்பத்துநாலில எழுபத்தைஞ்சு போனா..."

"மிஸ்!" அவர் குரல் உயர்ந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நான் கடலில நிக்கிறன். நீங்க மேசையில இருக்கிறீங்க. முடிஞ்சுதெண்டா முடிஞ்சுது. கல்லுப் பக்கம் இழுக்குது. நங்கூரம் போடப்போறன். ஆளனுப்புங்க."

வைத்துவிட்டார். நான் வாதாடியது ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடமும் லோஞ்ச் பாறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இந்த மேசையில் நான் செய்தவற்றில் எதையாவது திரும்பப் பெற முடியுமானால் அந்த நிமிடத்தைக் கேட்பேன். கடலில் நிற்பவர் ஒன்று சொன்னால் முதலில் அதற்கு வேண்டியதைச் செய்யுங்கள். ஏன் அப்படி ஆனது என்பதை அவர் கரைக்கு வந்தபின் கேட்கலாம்.

நங்கூரம் பிடித்துக்கொண்டது. மூதூர்ப் பக்கம் போன லோஞ்சைத் திருப்பி அனுப்பினேன். ஐம்பது நிமிடம் கழித்து அது போய்ச் சேர்ந்து, மாலுமியைத் தன்னில் ஏற்றிக்கொண்டு, பெரிய லோஞ்சையும் கட்டி இழுத்து வந்தது. மாலுமியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டதாகப் பிறகு அறிந்தேன். தாமதத்தால் போனவையா, எப்படியும் போயிருக்குமா என்று வைத்தியரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முதலாளி இறங்குதுறைக்கு வந்தபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது. ஏழெட்டுப் பேர் கூடி நின்றோம். ரவி அண்ணன், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, தாங்கியில் கிடந்த கொஞ்ச நஞ்சத்தையும் வடித்துக் கொட்டியிருந்தார். தண்ணீர் இல்லை. எஞ்சினில் பழுதில்லை. ஒழுக்கும் இல்லை.

முதலாளி என்னைக் கேட்டார். "போகேக்க எத்தினை இருந்தது?"

"கோல் பன்னிரண்டில நிண்டது ஐயா."

"அது எத்தினை லீற்றர்?"

"நூற்றி நாற்பத்துநாலு."

"ஓடின நேரத்துக்கு எத்தினை குடிச்சிருக்கும்?"

"எழுபத்தைஞ்சுக்குக் கிட்ட."

எல்லாம் உண்மை. கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். முதலாளி நானாவின் பக்கம் திரும்பினார்.

"மிச்சம் எழுபது எங்க மன்சூர்?"

நானா லோஞ்சின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உம்மட தம்பியாருக்கும் வள்ளம் இருக்குத்தானே."

"கேக்கிறதை நேர கேளுங்க முதலாளி" என்றார் நானா.

"நேரத்தான் கேக்கிறன். நாளையிலிருந்து வேற ஆள் சுக்கான் பிடிக்கட்டும். எழுபது லீற்றருக்கு மறுமொழி சொல்லிப்போட்டு நீர் காவலுக்கு வாரும், இல்லாட்டி வீட்ட நில்லும்."

நானா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எண்ணைச் சொன்னவர் ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தார் போலும். நான் ஒன்றும் சொல்லாமல் மேசைக்கு வந்துவிட்டேன்.

இனி எழுதுவதை மழுப்பாமல் எழுதுகிறேன். மேசையில் இருந்த முதல் கால் மணித்தியாலம், அவர் எடுத்திருக்கலாம் என்று நானும் நினைத்தேன். சூத்திரத்தை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். நாலு பக்கம் வரிகள், எல்லாம் பன்னிரண்டு. ஒரு பக்கம் நாலு பக்கக் கணக்கு, மறுபக்கம் ஒரு மனிதர். கணக்கு வீட்டுக்கு டீசல் கொண்டுபோகாது என்று மனசு போயிற்று. படித்தவர்களுக்கு வரக்கூடிய புத்திக்கேடு இது, உங்களுக்கும் வரும்.

என்னைத் திருப்பியது அவர்மேல் இருந்த நம்பிக்கை என்று சொல்ல ஆசைதான். அது அல்ல. ஓரத்தில் நான் எழுதி வைத்த "அலை" தான். சாணுக்குக் கீழே ஓடிய ஓட்டங்களை எண்ணினேன், பதினொன்று. பதினொன்றிலும் கோல் என் கணிப்புக்குக் கீழேயே நின்றிருந்தது. ஒன்றிலாவது மேலே நிற்கவில்லை. அலை அப்படிச் செய்யாது. ஆடுகிற லோஞ்சில் அளந்தால் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். பதினொரு நாளும் ஒரே பக்கம் சாய்கிறதென்றால் அது ஆட்டம் அல்ல. கோல் கீழே போகப்போகச் சாய்வும் கூடிக்கொண்டு வந்தது.

பிறகு என் நாலு பக்கத்தையும் புதிதாகப் பார்த்தேன். இந்த முறை எவ்வளவு ஏறியது என்று பார்க்கவில்லை, எங்கிருந்து ஏறியது என்று பார்த்தேன். இருபத்துமூன்றிலிருந்து. இருபத்தைந்திலிருந்து. இருபத்துநாலிலிருந்து. சாணுக்குக் கீழே தொடங்கிய வரி ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? நானா அதற்குக் கீழே இறங்க விட்டதே இல்லையே. முப்பத்தெட்டுக்கு மேலும் ஒரு வரியும் இல்லை. என் சூத்திரம் தாங்கியின் நடுப்பகுதிக்குச் சாட்சி. அடிப்பகுதியை அது கண்டதே இல்லை. காணாத இடத்தைப் பற்றி நான் அதனிடம் கேட்டேன், அதுவும் தயங்காமல் ஒரு எண்ணைச் சொன்னது. எண்ணுக்குத் தயக்கம் கிடையாது.

ஓடினேன். முதலாளி போவதற்கு வாகனக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு மணித்தியாலம் நில்லுங்கோ."

"ஏன்?"

"தாங்கி இண்டைக்குத்தான் முதல்முறையா வெறுமையாக் கிடக்கு. இருபது லீற்றர்க் கலன் நாலு வேணும். கோலை நீங்களே பிடிக்கோணும்."

"என்னத்துக்கு?"

"என்ர கணக்குப் பிழையெண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீரோ, தெரியுமோ?"

"தெரியாது ஐயா. ஊத்தினாத் தெரியும்."

அவர் நின்றது என்மேல் இரக்கப்பட்டு அல்ல. கண்ணாடிக்குக் கீழே இருந்த கடுதாசியை இரண்டு பேருக்காவது காட்டியிருப்பார். அது பிழைத்துவிடக்கூடாதே என்ற கவலை அவருக்கும் இருந்திருக்கும்.

இரண்டாம் லோஞ்சின் இருப்பிலிருந்து நாலு கலன் டீசல் கொண்டுவந்தோம். நானா தூரத்தில், கயிறு கட்டும் இரும்புக் கட்டையில், எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார். கூப்பிட்டேன், வரவில்லை.

"உம்மட கணக்குப்படி முதல் கலனுக்கு எத்தினை ஏறோணும்?" என்றார் முதலாளி.

"ரெண்டுக்கும் குறைவு ஐயா."

ரவி அண்ணன் ஊற்றினார். முதலாளி கோலை விட்டு எடுத்து நாடாவைப் பிடித்தார். மறுபடி விட்டு எடுத்தார்.

"நாலரை" என்றார். "நாலரைக்கும் மேல."

இரண்டாவது கலன். ஏழுக்கு மேல், ஏழரைக்குக் கொஞ்சம் கீழே. மூன்றாவது. பத்தைத் தொடவில்லை, தொடப் பார்த்தது. அப்போது நானா எழுந்து வந்து லோஞ்சின் ஓரத்தில் நின்றார். நாலாவது கலனைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றி ரவி அண்ணன் கலனைத் தட்டினார். முதலாளி கோலை எடுத்தார். நாடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பன்னிரண்டு."

நாலு இருபது எண்பது. மத்தியானம் லோஞ்ச் போகும்போது இருந்ததும் அதே பன்னிரண்டுதான். எண்பது லீற்றரோடு, நூற்றிப்பத்து வேண்டிய ஓட்டத்துக்கு, நான் அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் எடுக்கவில்லை. முதலாளி கேட்ட எழுபதில் ஐந்தாறு லீற்றர் ரவி அண்ணன் வடித்துக் கொட்டியது. மீதி அறுபத்துநாலு லீற்றர் உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை, என் கடுதாசியில் மட்டும் இருந்தது.

"ஏன் இப்பிடி?" என்றார் முதலாளி.

"தாங்கி பெட்டி மாதிரி இல்லைப்போல. அடி ஒடுங்கியிருக்கோணும்."

"உருளைதானே" என்றார் ரவி அண்ணன், கலனின் மூடியைப் பூட்டிக்கொண்டு. "பீப்பாயைப் படுக்கப்போட்ட மாதிரி. பலகை அடிக்க முந்தி நான்தான் பெயின்ற் அடிச்சனான்."

"ரவி அண்ணை! ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"மிஸ் கேக்கேல்லையே. நீங்கள் பன்னிரண்டு பன்னிரண்டெண்டு திரிஞ்சீங்கள். நான் அதை ஏதோ படிப்பெண்டு நினைச்சன்."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளிகூடச் சிரித்தார். நானா சிரிக்கவில்லை.

படுத்திருக்கும் பீப்பாயின் வயிறு அகலம். அங்கே மட்டம் ஒரு சென்ரிமீற்றர் ஏற நிறைய டீசல் வேண்டும். நடுவயிற்றில் அகலம் அதிகம் மாறாததால் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய அதே பன்னிரண்டு. அடி ஒடுக்கம், கொஞ்சம் ஊற்றினாலே கோல் நனைந்துவிடும். என் வரிகள் எல்லாம் வயிற்றிலிருந்து வந்தவை. சாணுக்குக் கீழே நம்பக்கூடாது என்று சொன்ன முன்னைய தண்டையல், எப்போதோ ஒருநாள் நடுக்கடலில் நின்று கற்றிருப்பார். ஏன் என்று தெரியாமல் சேறு என்று ஒரு காரணத்தை ஒட்டியிருப்பார். அது என் ஊகம். ஆனால் அதன்பிறகு, ஒரு வழக்கத்துக்குச் சொல்லப்படும் காரணம் பிழையென்று கண்டால், வேறு காரணம் இருக்கிறதா என்று தேடாமல் வழக்கத்தைத் தொடுவதில்லை.

முதலாளி கோலை ரவி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, "சரி, நாளைக்கு வழமைபோல ஓடட்டும்" என்று பொதுவாகச் சொல்லிப் போய்விட்டார். சுக்கான் திரும்பக் கிடைத்தது. தம்பியாரின் வள்ளத்தைப் பற்றிய பேச்சைத் திரும்பப் பெற அவருக்கு நேரம் இருக்கவில்லை.

நான் நானாவிடம் போனேன். "நானா, என்னை மன்னியுங்கோ."

"எதுக்கு மிஸ்?"

"பிழையான கணக்குச் சொன்னதுக்கு."

"கணக்குப் பிழைக்கிறது பெரிய விசயமா? நானும் சேறெண்டு எத்தினை வருசம் சொல்லித் திரிஞ்சன்." இடுப்பில் நெகிழ்ந்த சாரத்தை உதறிக் கட்டினார். "நீங்க நூற்றி நாற்பத்துநாலெண்டு சொல்லிப்போட்டுப் போய்ட்டீங்க. அதுதான் மிஸ்."

மறுபடி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"என்னட்ட ரகசியமாச் சொல்ல வேணாம்" என்றார். "நாளைக்குக் காலம எல்லாரும் வருவாங்க. முதலாளியும் வருவார். எண்ணைச் சொன்ன இடத்திலயே, சொன்ன சத்தத்திலயே சொல்லுங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு, அதே இடத்தில் நின்று சொன்னேன். கணக்கு என்னுடையது, பிழை என்னுடையது, மன்சூர் நானா போக விரும்பவில்லை, நான்தான் போக வைத்தேன், அவர்மேல் நானும் சந்தேகப்பட்டேன். கடைசியாகச் சொன்னதைச் சொல்லும்படி நானா கேட்டிருக்கவில்லை. சொல்லத் தேவையில்லைத்தான், சொன்னேன். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் நானா தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு லோஞ்சில் ஏறினார். அன்று மாலை எரிபொருள் புத்தகத்தில், தண்டையலின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் கோடு போட்டேன், கணக்குப் போட்டவர் பெயருக்கு. இனி அங்கே உங்கள் பெயர் வரும். அதை வெறுமையாக விடாதீர்கள்.

பெரிய லோஞ்சுக்கு இப்போது சூத்திரம் இல்லை, அட்டவணை இருக்கிறது. அடியிலிருந்து வாய்வரை ஒவ்வொரு கலனாக ஊற்றி அளந்தது. எனக்கு அதன் பின்னால் இருக்கும் விதியும் தெரியும், இரவல் வாங்கிய புத்தகத்தில் பார்த்து வளைவையும் கீறி வைத்திருக்கிறேன். அது அட்டவணையோடு ஒத்துவருகிறது. ஆனாலும் லோஞ்சை அனுப்பும்போது அட்டவணையைத்தான் பார்க்கிறேன்.

மற்ற இரண்டு லோஞ்சுகளும் இன்னும் பழைய வழக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றில் தாங்கி லோஞ்சின் வயிற்றுக்கு ஏற்றபடி வளைத்துக் கட்டியது என்கிறார்கள். மற்றதைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. ரவி அண்ணனுக்கும் தெரியாது. இந்த முறை கேட்டுவிட்டேன். வருகிற சனிக்கிழமை காலை இரண்டையும் வடித்து, வெறுந்தாங்கியிலிருந்து தொடங்கப்போகிறோம். கோல் பிடிக்க மன்சூர் நானா சம்மதித்திருக்கிறார். அவர் எண்ணைச் சொல்லுவார், நீங்கள் இருவரும் எழுதுங்கள். கடைசிக் கலன் ஊற்றி முடியுமட்டும் ஒருவரும் பெருக்கவோ பிரிக்கவோ கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஊற்றுவது நான். ஏழு மணிக்கு முன் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் கலன் கையில் நிற்காது.